பால் சொன்ன பதில்

பொட்டல்குளத்தில் மாவுக்காரத் தெரு எது என்று கேட்டால் கைப்பிள்ளைகூட வழி காட்டும், விடிந்தால் கிரைண்டர் சத்தமும் பொழுது சாய்ந்தால் புளித்த மாவு வாசமும் இல்லாமல் அந்தத் தெருவுக்கு ஒரு நாளும் போனதில்லை. அந்தத் தெருவின் நடுவீட்டில் கொம்பையா பெண்டாட்டி ஆவுடைக்குப் பெண்பிள்ளை பிறந்து, வீட்டுக்கு வந்து, தீட்டுக் கழிந்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றி, பிறகு மல்லாக்கத் திருப்பியபோது, பிள்ளையின் வயிற்றுக்குள்ளிருந்து சந்தை இரைச்சல் கேட்டது.

அடுத்த வீட்டு டிவி என்றுதான் ஆவுடை முதலில் நினைத்தாள். டிவியில் விளம்பரம் வரும், இதில் விளம்பரம் வரவில்லை. குனிந்து காதை வைத்தாள். தள்ளி உக்காரு, இது நான் பிடிச்ச இடம், மூட்டையை அந்தப் பக்கம் இறக்கு, யாருப்பா அது காலை மிதிக்கது என்று ஒரு ஊரே வந்து இறங்கிய அமளி உள்ளே நடந்துகொண்டிருந்தது. ஆவுடை கூப்பாடு போடவில்லை. மிச்சத் தண்ணீரையும் ஊற்றி, துவட்டி, சாம்பிராணி காட்டி, மை இட்டு, அதன்பிறகுதான் புருசனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்கன வந்து புள்ள வயித்துல கொஞ்சம் காதக் குடுங்க."

கொம்பையா மாவு பாக்கெட் கட்டுகிற கையோடு வந்து கேட்டான். "கூட்டமால்ல இருக்கு" என்றான்.

"குடியேறுதாவ போலுக்கு."

"மாவ அரைச்சு வச்சா பொங்கத்தான செய்யும். பால் குடிக்காளா?"

"குடிக்கா."

"பின்ன என்ன" என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு கடைகளுக்குப் போடப் போய்விட்டான்.

ஆனால் போகிற வழியில் சும்மா போனானா, ஒவ்வொரு கடையிலும் ஒரு வாய் சொல்லிவிட்டுத்தான் போனான், மத்தியானத்துக்குள் தெரு முழுக்க ஆவுடை வீட்டு வாசலில் நின்றது. முதலில் காதை வைத்தவள் பூக்காரி செண்பகம். வைத்தவள் எழுந்திருக்கவே இல்லை. "அடியாத்தே, நானுல்லா பேசுதேன்" என்றாள். உள்ளே, நெருக்கியடித்த அந்தக் கூட்டத்துக்குள்ளே, செண்பகத்தின் அதே கீச்சுக்குரல் யாரிடமோ இடம் கேட்டு மல்லுக்கு நின்றது. பிறகு டெய்லர் கேட்டார், அவர் குரலும் இருந்தது. பால்காரர் கேட்டார், இருந்தது, அவருடைய எருமையின் குரலும் இருந்தது. பிள்ளையைத் தூக்கினவர், முத்தம் கொடுத்தவர், பிள்ளையின் தாய்க்கு ஒரு காலத்தில் கைச்சோறு கொடுத்தவர் என்று ஒருத்தர் விடாமல் உள்ளே இருந்தார்கள். டெய்லர் வாழ்க்கையில் பாடினதே கிடையாது, உள்ளே இருந்தவர் தறிகெட்டுப் பாடிக்கொண்டிருந்தார், அதைக் கேட்டுவிட்டு அவர் பெண்டாட்டி வீட்டில் போய் அவரைப் பாடச்சொல்லி உயிரை வாங்கினாள்.

தங்கள் குரல் இருந்தவர்கள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். இல்லாதவர்கள் அதெல்லாம் வயிற்றுப் பொருமல், வசம்பு உரசிப் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். தெருச் சங்கத் தலைவர் குற்றாலம் தன் குரல் இருக்கிறதா என்று தினமும் காலையும் மாலையும் வந்து கேட்டார், இல்லை. அவர் பிள்ளையைத் தூக்கினதே இல்லை, வேட்டி நனையும் என்று பயம். அவர் குரல் இல்லாத இடத்தில் வாய்க்கால் அள்ளுகிற மாடத்தியின் குரல் முதல் வரிசையில் கணீரென்று கேட்டது, ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த அன்று அவள்தான் அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவள், நர்ஸ் கை ஒழியாமல் பிள்ளையை ஒரு நிமிசம் வாங்கிவைத்திருந்தவள். தெருவில் ஒருத்தரும் மாடத்தியை வாசற்படி தாண்ட விட்டதில்லை. அவளை மட்டும் வெளியே போகச்சொல்ல ஏதாவது வழி உண்டா என்று குற்றாலம் ரகசியமாகக் கொம்பையாவிடம் கேட்டார். கொம்பையா, "எஞ் சொல்லு அங்க எடுபடுமா தலைவரே, உள்ள போயி நீங்கதான் சொல்லணும்" என்றான். 

உள்ளே இருந்த குரல்களில் ஒன்றே ஒன்றுதான் யாருக்கும் அடையாளம் தெரியாத குரல். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது, தூக்கத்தில் எழுப்பியது போல ஒரு கரகரப்பு. அது இடம் கேட்கவில்லை, மூட்டை இறக்கவில்லை. புதிதாக யார் வந்தாலும் "யாரு?" என்று கேட்டது. கேட்டுவிட்டுக் காத்திருந்தது. ஆவுடை பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்ததும், அவள் வாய் மூடித்தான் இருக்கும், ஆனாலும் அவள் குரல் பாலோடு உள்ளே இறங்கி, "நம்ம ஆளு" என்று சொல்லும். கரகரத்த குரல் "சரி" என்று வழிவிடும். பூக்காரி யாரு, நம்ம ஆளு, சரி. எருமை யாரு, நம்ம ஆளு, சரி. இப்படியே ஒவ்வொருத்தராக உள்ளே போய் உட்கார, அந்தக் குரலைத் தெருவில் காவல்காரன் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அது பிள்ளைக்குச் சொந்தமான காவல், பிள்ளையோடு பிறந்தது, பிள்ளையைப் போலவே அதற்கும் ஒன்றும் தெரியாது.

டாக்டரம்மா தாட்சாயணி குழாயை வைத்துக் கேட்டார். உள்ளே தன் குரல் "அடுத்து யாரும்மா" என்று கூப்பிட்டதைக் கேட்டு லேசாகச் சிரித்தார். "எல்லாப் புள்ளைக்கும் நடக்கதுதான் ஆவுடை. பொறந்தவுடனே இப்படிக் கோடிப்பேரு வந்து குடியேறத்தான் செய்வாங்க. காவல் இருக்கவனுக்கு, யார அடிக்கணும், யார விட்டுவைக்கணும்னு இப்பத்தான் பாடம் நடக்கு. நமக்கு மத்தப் புள்ளைககிட்ட கேக்காது, இவகிட்ட கேக்கு, அவ்வளவுதான். தாய்ப்பால் தவிர வேற ஒண்ணும் குடுக்காத" என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார். அதன்பிறகு தெருவில் எந்தப் பிள்ளை வயிற்றைப் பார்த்தாலும் ஆட்கள் கொஞ்சம் மரியாதையாகப் பேசினார்கள்.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் போனது, சோறூட்டுக்கு நாள் பார்க்கிற சமயம் வரை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் போனால் கதை நகராது. ஆவுடை வீடு அப்போது இருந்ததில் சரிபாதிதான். மறுபாதியில் கொம்பையாவின் அண்ணன் பெண்டாட்டி வேலுக்கனி இருந்தாள், நடுவில் கொத்தனார் வைத்து எழுப்பின சுவர் இருந்தது. சுவர் வருவதற்கு முன்பு ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே கிரைண்டரில் ஆட்டி, ஒரே சட்டியில் ஆக்கி, ஒரே தட்டில் பிசைந்து தின்றவர்கள். வேலுக்கனி கை வைத்துக் கரைத்த மாவு விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும், ஆவுடை கரைத்தது மத்தியானம் வரை யோசிக்கும். அப்படிப்பட்ட கை என்பதால்தான் ஆவுடைக்கு முதலில் ஆண்பிள்ளை பிறந்தபோது வேலுக்கனியையே சேனை தொட்டு வைக்கச் சொன்னார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் கருப்பட்டித் தண்ணியைத் தொட்டு வைப்பதுதான் சேனை. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்று அந்தப் பக்கத்தில் நம்பிக்கை. வேலுக்கனி சிரித்த முகத்தோடு வைத்தாள். அழகுவேல் என்று பெயர் வைத்த அந்தப் பிள்ளைக்கு மறுநாளே வயிற்றால் போனது, மருந்துக்கு நின்றது, திரும்பப் போனது, நின்றது, மூன்றாம் மாதம் முடிவதற்குள் பிள்ளையே போய்விட்டது.

ஆவுடை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறியிருக்கும். காரியம் முடிந்த மறுநாள் கொத்தனாரைக் கூட்டிவந்தாள். அதுமுதல் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுசி இருக்கிறாள் என்பதையே அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் டீக்கடையில் தெரியாதவர்கள் போலச் சந்தித்துப் பேசிக்கொண்டார்கள். இந்தப் பெண்பிள்ளைக்கு ஆவுடை யாரையும் சேனை வைக்க விடவில்லை, டாக்டரம்மா வேண்டாம் என்று சொன்னது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

இப்போது, எல்லாரும் உட்கார்ந்து முடித்த மாதிரி இருந்த ஒரு நாளில், பிள்ளை வயிற்றுக்குள் காவல்காரன் "யாரு?" என்று கேட்டான். பின்வரிசையிலிருந்து ஒரு வெங்கலக் குரல், "நான்தான், வேலுக்கனி" என்றது.

ஆவுடை பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் உடம்பு முழுக்க ஒரு இறுக்கம் ஓடியது. பால் இறங்கியது, பாலோடு ஒன்றும் இறங்கவில்லை. காவல்காரன் மறுபடி கேட்டான், சத்தமாகக் கேட்டான். பதில் இல்லை. பிறகு அடி விழும் சத்தம் கேட்டது. பிள்ளை வில்லாக வளைந்து வீறிட்டது, சாயங்காலம் துணியில் ரத்தக்கோடு இருந்தது, உடம்பு அனலாகக் கொதித்தது.

அழகுவேலுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.  ஆவுடை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உச்சிமாகாளி கோயில் வாசலுக்குப் போய் நின்று, "எம்புள்ள வாயில திருட்டுத்தனமா சேனை வச்சிட்டா, கேளுங்க" என்று வயிற்றைக் காட்டினாள். கூட்டம் வரிசையாகக் காதை வைத்துக் கேட்டது. வேலுக்கனியின் குரலேதான், மாற்றமே இல்லை. நான்தான் என்கிறது, அடி வாங்குகிறது, மறுபடியும் நான்தான் என்கிறது.

வேலுக்கனியைக் கூப்பிட்டுவிட்டார்கள். முழங்கை வரை மாவோடு வந்து நின்றாள். "சுவரு எழும்பின நாள்லருந்து நான் அந்த வாசப்படிய மிதிக்கல. புள்ள கறுப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது" என்றாள்.

"பின்ன உன் குரல் எப்படி உள்ள வந்திச்சு?" என்றார் குற்றாலம்.

"எனக்கென்ன தெரியும். உங்க குரல் ஏன் வரலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அந்தப் பதில் அவளுக்கு நல்லது செய்யவில்லை. திருட்டுச் சேனைதான் என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது. கெட்ட கை வைத்ததை நல்ல கைகள் வைத்து அமுக்கிவிடலாம் என்று குற்றாலமே யோசனை சொன்னார், மாவு புளித்துப்போனால் பச்சை மாவு கலந்து சரிக்கட்டுகிற தெருவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆவுடையும் தலையாட்டினாள். டாக்டரம்மா சொன்னது ஞாபகத்தில் இருந்தது, இருந்தும் ஆட்டினாள், வேலுக்கனி உள்ளே இருக்கிற ஒவ்வொரு நிமிசமும் அவளுக்கு முள்ளில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

கோயில் வாசலில் வெண்கலக் கிண்ணத்தில் கருப்பட்டித் தண்ணி வைத்தார்கள். முதலில் யாரையும் அதிர்ந்து பேசாத ஹெட்மாஸ்டர் வைத்தார். பிறகு மலைக்கு மாலை போடுகிற குருசாமி வைத்தார், போஸ்டாபீஸ் அம்மா வைத்தார், அப்புறம் கவுன்சிலர் தானாகவே வந்து வைத்தார், அவரைப் பார்த்து வட்டிக்கு விடுகிறவர் வைத்தார், நான் நல்லவன் இல்லை என்று யார்தான் சொல்லி ஒதுங்கப்போகிறார்கள், தெருவே விரலை நனைத்து வரிசையில் வந்தது, கடைசியாகக் குற்றாலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு தடவை வைத்தார்.

உள்ளே என்ன நடந்தது என்பதைக் காதை வைக்காமலே கேட்க முடிந்தது. ஒரே நேரத்தில் இத்தனை பேர் முண்டியடித்து வந்ததில் காவல்காரன் யாரு என்று கேட்பதையே விட்டுவிட்டான். கைக்கு எட்டினவரையெல்லாம் அடித்தான். வந்தவர்களை அடித்தான், முதல் நாளே உட்கார்ந்துவிட்ட செண்பகத்தையும் மாடத்தியையும் எருமையையும் அடித்தான். பாடிக்கொண்டிருந்த டெய்லரின் பாட்டு பாதியில் நின்றது. பிள்ளையின் வயிறு கல்லாக உப்பி, அழுகிற சத்தம் தேய்ந்து, கண் மேலே செருகியது. கொம்பையா ஆட்டோவைப் பிடித்தான்.

டாக்டரம்மா பிள்ளைக்கு குளுக்கோஸ் ஏற்றிவிட்டு வெளியே வந்து பேசின பேச்சில் ஆஸ்பத்திரி வராந்தாவே அடங்கியது. "இன்னொரு விரல் அந்தப் புள்ள வாய்க்குள்ள போச்சுன்னா நான் போலீசுக்குப் போவேன். தலைவரா இருந்தாலும் சரி." குற்றாலம் தூணுக்குப் பின்னால் போனார். மூன்றாம் நாள் பிள்ளை கண் திறந்தது. வந்து நெரித்த கூட்டம் பெரும்பாலும் தானாகவே வடிந்துவிட்டது, குற்றாலத்தின் குரல் ஒரு தடவை தும்மிவிட்டுப் போனதோடு சரி. ஆனால் வெங்கலக் குரல் போகவில்லை. நான்தான் என்றது, அடி வாங்கியது. அடி விழும்போதெல்லாம் பிள்ளையின் முகம் சுருங்கியது.

"அவளை மட்டும் விரட்டுறதுக்கு மருந்து இல்லையா டாக்டரம்மா?" என்றாள் ஆவுடை.

"அவளை மட்டும் விரட்ட மருந்து கிடையாது. குடுத்தா எல்லாரும் போவாங்க. குடியிருப்பே காலியாகிரும். அப்புறம் காவல்காரன் யாரப் பாத்துப் பழகுவான்? நாளைக்கு ஒரு நிலக்கடலையக் கண்டாலும் அடிப்பான், பசும்பாலக் கண்டாலும் அடிப்பான், ஆள் கிடைக்கலைன்னா சொந்த வீட்டையே அடிப்பான். சோறு ஊட்டுற வரைக்கும்தான் அவன் கேள்வி கேப்பான் ஆவுடை. சோறு உள்ள போனப்புறம் கேக்கமாட்டான். அதுக்குள்ள தெரிஞ்சவங்க தெரிஞ்சவங்க, மத்தவங்க விரோதி. ஆயுசு பூரா இந்த அடியோடதான் இவ இருக்கணும். தாங்குவாளான்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன்."

"எம்புள்ளையத் தொடாதவ எப்படி உள்ள வந்தா?"

டாக்டரம்மா கழுத்திலிருந்த குழாயை எடுத்து ஆவுடையின் காதில் மாட்டினார். மறுநுனியை ஆவுடையின் வயிற்றிலேயே வைத்தார்.

ஆவுடைக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவள் அம்மா விறகு ஊதுகிற சத்தம் கேட்டது, பள்ளிக்கூடத்தில் நெல்லிக்காயைக் கடித்துக் கடித்துப் பகிர்ந்த சிநேகிதிகள் கேட்டார்கள், கொம்பையா கேட்டான், கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த பிறகு தின்ற அத்தனை சோற்றின் ஆட்களும் வரிசையாகக் கேட்டார்கள். அவர்களுக்கு நடுவே, சொந்த வீட்டில் இருப்பவள் மாதிரி சாவகாசமாக, "ஏட்டி ஆவுடை, மாவுக்கு உப்புப் போட்டியா?" என்று வேலுக்கனி கேட்டாள்.

"ஒரே தட்டுல பிசைஞ்சு தின்னவங்கதான ரெண்டு பேரும்" என்றார் டாக்டரம்மா. "பெறும்போது உன் வழியா வந்தவதான். யாரும் திருடிட்டு வரல."

ஆவுடை குழாயைக் கழற்றி நீட்டினாள். சுவர் வைத்தது எதற்கு, இத்தனை நாள் முகம் திருப்பி நடந்தது எதற்கு, யாரை வீட்டை விட்டுத் தள்ளினாளோ அவளை வயிற்றில் வைத்துக்கொண்டு அல்லவா தெருவில் திரிந்திருக்கிறாள். தன் உடம்பின் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் வயிற்றில் வாயை வைத்து, "நம்ம ஆளு, நம்ம ஆளு, நம்ம ஆளு" என்று கத்திப் பார்த்தாள். காவல்காரனுக்கு வாய்ப்பேச்சு கேட்காது. பால் கொடுத்தாள், பால் ஊமையாக இறங்கியது. மனசில் இல்லாததைப் பால் எப்படிச் சொல்லும். சோறூட்டுக்குக் குறித்த நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது, தள்ளிப்போடலாம் என்றாலும் பிள்ளை தட்டைப் பார்த்துக் கையை நீட்டத் தொடங்கிவிட்டது, பசியை எத்தனை நாளைக்குத் தள்ளிப்போட முடியும்.

ஒரு முற்பகலில் ஆவுடை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, அடுத்த வாசலில் ஏறினாள். வேலுக்கனியின் பையன்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அவள் தனியாக அண்டாவில் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், கையை எடுக்கவில்லை.

"உள்ள என்னைய அடிக்கானாம்ல" என்றாள்.

"ஆமா."

"வலிக்கா?"

"யாருக்கு?"

"புள்ளைக்குத்தான் கேக்கேன். எனக்கு வலிச்சா உனக்கென்ன."

ஆவுடை உட்காரவில்லை. "அன்னைக்கு நீ சேனை வச்சியே. அதுல என்ன நடந்துச்சுன்னு எனக்குச் சொல்லு. பொய் சொல்லாத."

வேலுக்கனி மாவிலிருந்து கையை எடுத்தாள். "ஆஸ்பத்திரியிலருந்து நீ வந்துட்டன்னு சத்தம் கேட்டு ஓடியாந்தேன். இதே மாதிரி கரைச்சிக்கிட்டு இருந்தேன். கையக் கழுவிட்டு வந்தேனா, முந்தானையில தொடச்சிட்டு வந்தேனா, அதத்தான் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். ஞாபகத்துக்கு வரமாட்டேங்கு. கழுவினேன்னு ஒரு நாள் தோணும். அன்னைக்குச் சோறு எறங்கும். கழுவலைன்னு மறுநாள் தோணும். என் கையால போச்சா, இல்ல அவன் அப்படித்தான் வந்தானா, எனக்குத் தெரியாதுட்டி. தெரிஞ்சா உன் கால்ல வந்து விழுந்திருப்பேன், இல்லைன்னா அந்தச் சுவத்த இடிச்சிருப்பேன். ரெண்டும் செய்ய முடியல."

ஆவுடை இப்படி ஒரு பதிலை எதிர்பார்த்து வரவில்லை. நான் செய்யவில்லை என்று சொல்லியிருந்தால் நம்பாமல் திரும்பியிருப்பாள், நான்தான் என்றிருந்தால் அண்டாவைக் கவிழ்த்திருப்பாள். அழகுவேல் போனதற்குக் காரணம் இன்னதென்று சொல்ல உலகத்தில் ஒரு ஆள் உண்டு என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள், அந்த ஆளுக்கும் தெரியவில்லை. ஓங்கி அழவேண்டும் போல இருந்தது, ஆனால் இடுப்பில் இருந்த பிள்ளை முனகியது.

"கையக் கழுவிட்டு வா" என்றாள்.

"எங்க?"

"எங்க வீட்டுக்கு. வந்து எதுத்தால உக்காரு. பேசாத."

வேலுக்கனி கையைக் கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள், திரும்பவும் கழுவினாள், ஆவுடை போதும் என்று சொல்லும்வரை கழுவிக்கொண்டே இருந்தாள்.

சேதி அதற்குள் தெருவுக்குத் தெரிந்து ஜன்னலில் தலைகள் முளைத்தன. ஆவுடை தரையில் உட்கார்ந்து பிள்ளையை மாரில் போட்டாள். எதிரே, கை எட்டும் தூரத்தில், வேலுக்கனி முழங்காலைக் கட்டி உட்கார்ந்தாள். கொம்பையா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆவுடை அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். நரைத்திருந்தாள். காது ஓரம் மாவு காய்ந்திருந்தது. பாவம் என்று தோன்றவில்லை, மன்னித்தோம் என்று தோன்றவில்லை, பழைய கோபம் அப்படியே குத்துக்கல்லாக நின்றது. இவள் இந்த வீட்டில் இருந்தவள் என்பது மட்டும் அதற்குப் பக்கத்திலேயே நின்றது, அதையும் அவளால் தள்ள முடியவில்லை.

பிள்ளை உறிஞ்சியது. உள்ளே காவல்காரன், "யாரு?" என்றான்.

"நான்தான், வேலுக்கனி."

 அப்போது ஆவுடையின் குரல், அவள் வாய் மூடியிருக்க, பாலோடு இறங்கியது.

"இவள எனக்குப் புடிக்காது" என்றது பால்.

"அப்ப அடிக்கவா?"

"வேண்டாம். நம்ம வீட்டு ஆளு. அவபாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போறா, விடு."

காவல்காரன் யோசித்தான். இப்படி ஒரு பதிலை அவன் இதற்கு முன் கேட்டதில்லை. பிறகு "சரி" என்றான், உள்ளே ஒரு பாய் விரிக்கிற சத்தம் கேட்டது.

வேலுக்கனி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "புடிக்காதுன்னு இத்தன பேருக்கு முன்னால சொல்லிட்டியேட்டி."

"உன்னயப் பேசாதன்னு சொன்னேன்" என்றாள் ஆவுடை. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், வேர்த்துக் குளிர்ந்திருந்தது. ஜன்னலில் நின்ற செண்பகம் குலவை போட வாயெடுத்தாள்.

"பின்னால யாரு?" என்றான் காவல்காரன்.

எல்லாரும் உட்கார்ந்தாயிற்று, இனி யார் பாக்கி என்று தெரு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது. உள்ளேயிருந்து பேச்சு வரவில்லை. ஒரு அழுகை வந்தது. மெலிந்த, பச்சைப்பிள்ளை அழுகை, நடுவில் ஒரு விக்கல் விழுந்து மறுபடி தொடங்குகிற அழுகை. மாரில் கிடந்த பிள்ளை அழவில்லை, அது பாலை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னலில் நின்று கேட்டவர்களில் ஒருத்தருக்கும் அது யாரென்று தெரியவில்லை. நிலையைப் பிடித்திருந்த கொம்பையா அந்த விக்கலை அறிந்தவன், நிலையை விட்டுவிட்டு உள்ளே வந்தான். வேலுக்கனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பத்து மாதம் ஆவுடைக்குள் கிடந்தவன். வேலுக்கனி போகாத இடத்தில் அவன் மட்டும் எங்கே போவான்.

"யாரு?" என்றான் காவல்காரன் மறுபடி. குரல் தடித்திருந்தது.

 அழகுவேல் என்று சொல்ல ஆவுடை வாய் திறந்தாள், காற்றுதான் வந்தது, வாய் சொன்னாலும் அவனுக்குக் கேட்கப்போவதில்லை. அழுகையில் உடம்பு குலுங்கி, சுரந்துகொண்டிருந்த பால் நின்றுபோயிருந்தது. பிள்ளை வெறும் காம்பைச் சப்பிவிட்டுச் சிணுங்கியது. உள்ளே விக்கல் விழுந்து அழுகை தொடர்ந்தது.

வேலுக்கனி முழங்காலால் நகர்ந்து வந்து ஆவுடையின் முதுகில் கையை வைத்தாள். "ஏட்டி, அழாத. அப்புறம் அழுவோம். ரெண்டு பேருஞ் சேந்து அழுவோம். இப்பப் பாலக் குடு. அவன் நிக்கான்லா."

ஆவுடை அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. மூச்சை இழுத்து, கண்ணைத் துடைத்து, பிள்ளையை மாறுமாரில் போட்டாள். வேலுக்கனியின் கை முதுகில் மேலும் கீழுமாகத் தடவியது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு மார் கனத்து, பால் இறங்கியது.

"யாருன்னு கேக்கேன்" என்றான் காவல்காரன்.

"உன் அண்ணன்" என்றது பால்.

உள்ளே இன்னொரு பாய் விரிகிற சத்தம் கேட்டது, அழுகை நின்றது. அதற்குப் பிறகு உள்ளே யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.